குதிரைக்கு முதுகு பிடித்துவிடுகிறவள்

"கட்டுனவனுக்கு ஒருநா கால் அமுக்கிவிட்டதில்ல, குதிரைக்கு அமுக்குறா பாரு மகராசி" என்று என் மாமி காலையில் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லுவார். மாமி என்றால் என் புருஷனைப் பெற்றவர். சொல்வது என்னவோ பக்கத்து வீட்டுக்கு, காதில் விழ வேண்டியது எனக்கு. நானும் குதிரையின் முதுகிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொல்லுவேன். "ஆமா மாமி, உங்க மகன் மேல ஏறியா நான் ஊரச் சுத்துறேன்? எது மேல ஏறிப் போறேனோ அதுக்குத்தான அமுக்கிவிடணும்?" சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். "வாயப் பாரு, வாய" என்று மாமி உள்ளே போய்விடுவார்.

எங்கள் வீடு திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய குடோன் இருக்கிறது. உப்புப் போட்ட ஆட்டுத்தோல் அடுக்கி வைத்திருந்த இடம். எங்கள் தோல் மண்டியை வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு அது காலியாகக் கிடந்தது. அங்கேதான் குதிரை நிற்கிறது. சுவரில் ஊறிப்போன உப்பை நக்கி நக்கி, அதன் வாய் எட்டும் உயரத்துக்குச் சுண்ணாம்பெல்லாம் போய்ச் செங்கல் தெரியும். வெள்ளையடிக்க வந்தவர் பார்த்துவிட்டு, "இது எந்த எலிங்க?" என்று கேட்டார். மண்ணிறப் பெட்டைக் குதிரை அது. நெற்றியில் மட்டும் வெள்ளை.

ஏறுவதற்கு முன்னால் குதிரைக்கு உடம்பு பிடித்துவிட வேண்டும் என்று சொன்னால் முக்கால்வாசிப் பேர் சிரிப்பார்கள். அவர்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்பேன். காலையில் பாயை விட்டு எழுந்ததும் உங்களால் நேராக நடக்க முடிகிறதா? இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்த பிறகுதானே நீங்களே மனுஷன் ஆகிறீர்கள்? அப்படி எழுந்த நிமிஷமே உங்கள் முதுகில் ஒரு ஆளை ஏற்றி ஓடச் சொன்னால் என்ன சொல்லுவீர்கள்? கெட்ட வார்த்தை சொல்லுவீர்கள். குதிரைக்கு அதுவும் வராது, பாவம்.

கை எனக்கு முன்பே பழகியிருந்தது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து தோல் மண்டியில் புருஷனோடு உட்கார்ந்து தரம் பிரித்தவள் நான். தோலை விரித்து உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும். எங்கே முள் கிழித்து ஆறியிருக்கிறது, எங்கே உண்ணி கடித்திருக்கிறது, ஆடு எந்தப் பக்கம் படுத்துப் படுத்துத் தேய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஆனால் அவ்வளவும் செத்த தோல். தடவினால் சிலிர்க்கிற தோலை, அழுத்தினால் நகர்கிற சதையை என் கை முதலில் தொட்டது இந்தக் குதிரையிடம்தான். அன்றைக்கு எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கையை எடுத்துவிட்டு, பிறகு மறுபடி வைத்தேன்.

குதிரை எங்களிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். என் கொழுந்தன், அதாவது புருஷனின் தம்பி, கல்யாண ஊர்வலத் தொழில் செய்கிறான். லைட்டு, பேண்டு, சாரட்டு, குதிரை எல்லாம் அவனிடம் உண்டு. நாங்கள் ராவுத்தர்கள். குதிரை ஏறிய கூட்டம் என்று எங்கள் ஆம்பிளைகளுக்கு ஒரு பெருமை. மீசை இருக்கிறவனும் முறுக்குவான், இல்லாதவனும் முறுக்குவான். ஆனால் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் குதிரை ஏறுவான், அவன் நிக்காஹ் அன்றைக்கு. அதுவும் பிளாஸ்டிக் நாற்காலி மேல் நின்று, ரெண்டு பேர் தூக்கி வைக்க, ஒருத்தன் கடிவாளத்தைப் பிடிக்க. அந்த ஒரு நாள் ராவுத்தர்களையெல்லாம் இந்தக் குதிரைதான் வருஷக்கணக்காகச் சுமந்தது. நாலு தெரு சுற்றுவதற்குள் வெடி, பேண்டு, ஆட்டம். குதிரையையும் ஆடச் சொல்லிக் கடிவாளத்தைச் சுண்டுவார்கள். சேணமோ அதன் முதுகுக்குச் சேராதது. ஜரிகை நன்றாக இருக்கிறது என்று வாங்கியது.

ஒருநாள் ஊர்வலத்தின் நடுவில், பெண் வீட்டு வாசலில், மாப்பிள்ளையோடு அது உட்கார்ந்துவிட்டது. நின்ற இடத்தில் பின்னங்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்தது. எழுப்பினார்கள், மறுபடி உட்கார்ந்தது. கொழுந்தனுக்கு மானம் போய்விட்டது. "நடிக்கிதுண்ணே. பழனிக்கு அனுப்பி வண்டியில பூட்டுனா எல்லாம் சரியாப் போகும்" என்று மறுநாள் எங்கள் வீட்டில் வந்து பொருமினான்.

"முதுகுல ஏறுனாலே உக்காருது, வண்டிய எப்பிடி இழுக்கும்? என் குடோன்ல கொண்டாந்து கட்டு" என்றேன்.

"நீங்க என்ன மதினி பண்ணுவீங்க?"

"என்னமோ பண்றேன். பண்டம் பாழாப் போச்சுன்னு நீ முடிவு பண்ணிட்டேல்ல, அப்புறம் என்ன கேள்வி?"

"எடுத்துக்கங்க. எனக்கு அது வேணாம்" என்றான். அந்த வார்த்தையை அவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். எலும்பில் கோளாறு இல்லை, சதை இறுகிப் பூட்டிக்கொண்டிருக்கிறது என்றார். ஓய்வு கொடுங்கள், தினமும் பிடித்துவிடுங்கள், பிறகு யாராவது ஏறுவதாக இருந்தால் ஏறுவதற்கு முன்னால் உடம்பைச் சூடாக்கித்தான் ஏற வேண்டும் என்றார். எப்படிப் பிடிப்பது என்று அவரே இரண்டு இடத்தில் அழுத்திக் காட்டினார். மிச்சத்தை நான் போனில் பார்த்தேன். எந்தத் தேசத்துக்காரியோ ஒருத்தி, குதிரையைத் தடவிக்கொண்டே இங்கிலீஷில் பேசுவாள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. சத்தத்தை அணைத்துவிட்டு அவள் கையை மட்டும் பார்த்தேன்.

காதுக்குப் பின்னால் பிடரி தொடங்கும் இடத்தில் ஆரம்பிக்க வேண்டும். விரலை மடக்காமல் முழுக் கையையும் வைத்து, பரோட்டா மாவு பிசைகிற மாதிரி மெதுவாகத் தள்ளித் தள்ளிக் கழுத்து வழியே தோளுக்கு வர வேண்டும். தோளிலிருந்து முதுகு. முதுகெலும்பைத் தொடக் கூடாது, அதற்கு இரண்டு பக்கமும் ஒரு கை அகலத்துக்குச் சதை ஓடுகிறது, அதுதான் நம்மைச் சுமக்கிறது. அங்கே உள்ளங்கையை வைத்து, நம் உடம்பின் பாரத்தையே கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். பிறகு இடுப்பு, புட்டம், தொடை. கடைசியில் முன்னங்காலைத் தூக்கி முன்பக்கமாக மெதுவாக நீட்டிவிட வேண்டும். எல்லாம் வெறும் கையால். எண்ணெய் கிடையாது, தைலம் கிடையாது. உடம்பு கதகதவென்று ஆனதும் கையில் பிடித்து வாசலுக்கும் குடோனுக்கும் நடத்த வேண்டும். அதன்பிறகுதான் சேணம்.

அதன் இடது பக்கம், சேணம் அழுத்தும் இடத்தில், ஒரு கட்டி மாதிரி சதை இறுகிக் கிடந்தது. கைபட்டாலே பல்லைக் காட்டும். ஒருமுறை என் தோளைக் கவ்வி ஜாக்கெட்டைக் கிழித்தது. "கடிடி, நல்லாக் கடி. அம்புட்டுப் பேரச் சுமந்தியே, அப்பக் கடிச்சிருக்கணும், என்னையக் கடிக்கிற" என்று நானும் சண்டை போட்டேன். அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் பிடித்தேன். நாளுக்கு நாள் கொஞ்சம் உள்ளே வந்தேன். ஒரு மழைக்கால நாள், கை நேராக அந்தக் கட்டியின் மேலேயே இருந்தது, குதிரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கீழ் உதடு தளர்ந்து ஊஞ்சலாட நின்றது. நான் அழுதுவிட்டேன். மாமி பார்த்துவிட்டு, "கடிச்சிருச்சா?" என்று ஓடி வந்தார்.

முதுகு ஆறியது. டாக்டர் ஏறலாம் என்றார். யார் ஏறுவது? என் புருஷனுக்கு மூட்டு வலி. ஆகவே நான் ஏறினேன். ஐம்பதை எட்டப்போகிற வயதில், சுடிதாரும் தலையில் துப்பட்டாவுமாக. மடித்த மெத்தை விரிப்பும் எடை குறைந்த ஒரு சேணமும் வாங்கினோம். முதலில் குடோனுக்குள், பிறகு தெருவில், பிறகு ஊரைத் தாண்டி. சித்தையன்கோட்டைப் பக்கம் வயல் நடுவே மண்பாதை போகிறது, அங்கே மெதுவோட்டம் விடுவேன். நாற்று நடுகிற பெண்கள் நிமிர்ந்து கையாட்டுவார்கள். அந்தக் காற்றில் எனக்கு வயசு தெரியாது.

தெரு சும்மா இருக்குமா? ஜமாத்துப் பெரியவர் ஒருத்தர் மண்டிக்கே வந்துவிட்டார். என் புருஷனிடம் ஜாடை மாடையாக ஆரம்பித்தார். பொம்பளை குதிரை ஏறுவது நல்லாவா இருக்கிறது, நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள் என்றார். என் புருஷன் அதிகம் பேசுகிறவர் இல்லை. "அவ உள்ளதான் இருக்கா, நீங்களே கேட்டுருங்க" என்று சொல்லிவிட்டுத் தோலை எண்ணப் போய்விட்டார்.

நான் வெளியே வந்தேன். "அத்தா, நம்ம தெருப் பிள்ளைக எல்லாம் ஸ்கூட்டில போகுதுகளே, அதக் கேட்டீங்களா?" என்றேன்.

"அது வேறம்மா. அது வண்டி."

"பெட்ரோல் குடிக்கிற வண்டியில போனாக் குத்தமில்ல, புல்லு திங்கிற வண்டியில போனாக் குத்தமா? ராவுத்தர் ராவுத்தர்னு சொல்லிக்கிறோம். இந்தத் தெருவுல இன்னைக்கிக் குதிரை ஓட்டத் தெரிஞ்ச ஒரே ராவுத்தர் நான்தான். வேற யாரும் இருந்தாக் கூட்டிட்டு வாங்க, நான் இறங்கிக்கிறேன்."

பெரியவர் என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். "உன் மாமியா எப்பிடித்தான் ஒங்கூடக் காலந் தள்ளுதோ" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

நிற்காதது கொழுந்தன்தான். குதிரை மினுமினுவென்று தெருவில் போவதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது. அவன் மகனுக்குக் கல்யாணம் முடிவானதும் வீட்டுக்கு வந்தான். "மதினி, மாப்பிள்ளை நம்ம குதிரையிலதான் வரணும். அப்புறம் அது எங்கிட்டயே இருக்கட்டும். முகூர்த்தமா வருது, எனக்குக் குதிரை வேணும்" என்றான்.

"உன் மகன் ஏறட்டும். எம் பிள்ளை மாதிரி வளத்த பய, அவனுக்கு இல்லாததா? ஆனா தொழிலுக்குத் தரமாட்டேன்."

"எம் பொருளு மதினி."

"வேணாம்னு சொன்ன பொருளு."

மாமி அவன் பக்கம் சேர்ந்துகொண்டார். "அவன் ஆத்திரத்துல சொன்னது. தம்பிக்காரன் கேட்டாக் குடுத்துட்டுப் போவியா, சண்டை போடுவியா" என்றார். பேச்சு வளர்ந்தது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஆத்திரத்தில் நான் ஒரு சவால் விட்டேன். அந்தக் குதிரையின் இடது முதுகில் என் கையைத் தவிர வேறு கை பட்டால் அது கடிக்கும். என் புருஷனையே கிட்டச் சேர்க்காது. அந்தத் திமிரில் சொன்னேன். "கல்யாணத்தன்னைக்கி ஊர்வலத்துக்கு முன்னாடி நீயே உங்கையால அதுக்கு உடம்பு பிடிச்சுவிடு. தலையைத் தொங்கப் போட்டு, உதட்டத் தளத்தி நின்னுச்சுன்னா குதிரை உன்னோடது. ஓட்டிட்டுப் போ. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"பேச மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

கல்யாண நாள் வந்தது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கூட ஆரம்பித்தார்கள். கொழுந்தன் வீட்டு வாசலில் குதிரையைக் கொண்டுபோய் நிறுத்தினேன். சவால் விஷயம் தெரு முழுக்கப் பரவியிருந்தது. பேண்டுக்காரர்கள்கூட வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். கொழுந்தன் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வந்தான். பின்னாலேயே மாமி ஒரு சட்டியை முந்தானையால் பிடித்துக் கொண்டுவந்தார். வெதுவெதுப்பாகக் காய்ச்சின நல்லெண்ணெய்.

"இது எதுக்கு?" என்றேன்.

"எண்ணெ இல்லாம என்னத்த உடம்பு பிடிக்கிறது? பச்சப் பிள்ளைக்கே எண்ணெ தேச்சுத்தான கால் நீவுறோம்" என்றார் மாமி. அவர் சொன்னதில் தப்பு இல்லை. நம் ஊரில் உடம்பு பிடிப்பது என்றாலே எண்ணெய்தான். யாருக்கும் வேறு மாதிரி தோன்றாது. நான் தினமும் வெறும் கையால் பிடித்ததை மாமி என் கஞ்சத்தனம் என்று நினைத்திருக்கிறார்.

கொழுந்தன் எண்ணெயைக் கையில் ஊற்றிக் குதிரையின் முதுகில் தேய்த்தான். குதிரை காதை மடக்கியது. கடிக்கப் போகிறது என்று நான் உள்ளுக்குள் துள்ளினேன். கடிக்கவில்லை. அவன் சின்ன வயதிலிருந்து குதிரையோடு புழங்கியவன், கை கனமான கை. எண்ணெயின் சூடு இறங்க இறங்க, தோளிலிருந்து முதுகுக்கும் முதுகிலிருந்து இடுப்புக்கும் அவன் கை வழுக்கிக்கொண்டு போனது. செத்த நேரத்தில் குதிரை தலையைத் தாழ்த்தியது. கண் சொருகியது. கீழ் உதடு தளர்ந்து தொங்கியது. பாவி மக! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு மாதம் கடி வாங்கி நான் சம்பாதித்தது, அவனுக்கு ஒரு சட்டி எண்ணெயில் கிடைத்துவிட்டது.

தெருவே கைதட்டியது. கொழுந்தன் எண்ணெய்க் கையோடு என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்ன மதினி?"

"தோத்துட்டேன்" என்றேன். ஆனால் அடுத்ததையும் சொன்னேன். "ஆனா இன்னைக்கி இது மேல யாரும் ஏறக் கூடாது. முதுகு பூரா எண்ணெ. சேணம் நிக்காது, சறுக்கிரும்."

"ஆரம்பிச்சுட்டீங்களா? தோத்ததும் சாக்கா?"

"சாக்கில்லடா. தொட்டுப் பாரு."

"அதான் துணி போடுவோம்ல" என்று அவன் ஜரிகை சாட்டின் துணியை விரித்தான். எண்ணெய் மேல் சாட்டின். அதன் மேல் அவனுடைய வெல்வெட் சேணம். வாரை இழுத்துக் கட்டினார்கள். நான் கையால் அசைத்துப் பார்த்தேன். எண்ணெய்ச் சட்டியில் போட்ட வடை மாதிரி அது நகர்ந்தது. பேண்டு ஆரம்பித்துவிட்டது, என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. தெருமுனையில் பத்தாயிரம் வாலா சரவெடியை நீட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முகம் மறைக்கப் பூச்சரம் கட்டிய மாப்பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். என் பிள்ளை. என் மடியில் சோறு தின்ற பயல். அவனுக்குப் பூவைத் தவிர எதுவும் தெரியவில்லை, காலைத் தடவித் தடவி நாற்காலி மேல் ஏறினான்.

சேணம் புரண்டு, கால் மாட்டிக்கொண்டு, வெடிக்கு மிரண்டு குதிரை ஓடினால் என்ன ஆகும் என்று என் கண்ணுக்கு முன்னால் ஓடியது. நான் போய் நாற்காலிக்கும் குதிரைக்கும் நடுவில் நின்றேன்.

"ஏற விடமாட்டேன்."

பேண்டு நின்றது. "நல்ல காரியத்துல வந்து நிக்கிறாளே" என்று யாரோ சொன்னார்கள். "குதிரை போச்சேன்னு வயித்தெரிச்சல்" என்றார்கள். "ஏத்தா, பிள்ளை கல்யாணத்தக் கெடுக்காத, நகரு" என்று மாமியே என் கையைப் பிடித்து இழுத்தார். என் புருஷனைப் பார்த்தேன். அவர் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எத்தனை பேரிடம் எத்தனை தடவை எண்ணெய் எண்ணெய் என்று கத்துவது? ஒருத்தனும் தொட்டுப் பார்க்க மாட்டான். பொம்பளை சொன்னால் அதற்குள் ஒரு பொறாமை இருக்க வேண்டும் இவர்களுக்கு.

"சரி. நான் ஏறுறேன். சேணம் நின்னா அவன் ஏறட்டும்" என்றேன்.

யாரும் தடுப்பதற்குள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிவிட்டேன். உள்ளே சுடிதார்க் கால்சட்டை இருந்தது. குதிரை வந்த பிறகு நான் அது இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. கால் வைக்கும் வளையத்தில் இடது காலை வைத்து, சேணத்தைப் பிடித்து எம்பினேன். பாதி உயரம் போயிருப்பேன். சேணம் அப்படியே சுழன்று என்னோடு கீழே வந்தது. ஊரே பார்க்க, பட்டும் நகையுமாக, பிட்டி தரையில் மோத விழுந்தேன். கண்ணில் பொறி பறந்தது. மேலே பார்த்தால் குதிரையின் வயிறு, வயிற்றுக்குக் கீழே தலைகீழாகத் தொங்கும் வெல்வெட் சேணம், அதன் ஜரிகைக் குஞ்சம் என் மூக்குக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது.

வேறு குதிரையாக இருந்தால் அந்தச் சேணத்தை உதைத்து உதைத்து, என்னையும் மிதித்துவிட்டு ஓடியிருக்கும். அது நின்றது. தோல் மட்டும் நடுங்கியது. கழுத்தைத் திருப்பி, கீழே கிடக்கிற என்னை மோந்து பார்த்தது.

முதலில் சிரித்தது சின்னப் பிள்ளைகள். பிறகு ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், வலி உயிர் போனது. மாப்பிள்ளைதான் பூச்சரத்தை விலக்கிக்கொண்டு குதித்து வந்து என்னைத் தூக்கினான். "பெரியம்மா, அடி பட்டுருச்சா?"

"உனக்குப் படல" என்றேன்.

கொழுந்தன் முகம் கறுத்துவிட்டது. "வேணும்னே இழுத்து விழுந்தீங்க மதினி."

"உன் மவன் எடையில நான் பாதிகூட இல்ல. என்னையவே தாங்கலயே, அவனத் தாங்குமா?"

"அத்தா, நான் நடந்தே வாரேன்" என்றான் மாப்பிள்ளை, தன் தகப்பனிடம். சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்தான். வேறு வழியில்லாமல் பேண்டும் பின்னால் கிளம்பியது. கொழுந்தன் மட்டும் நகரவில்லை. ஒரு கையால் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தான்.

"ஏறல, சரி. ஆனா பேச்சு பேச்சுத்தான். உடம்பு பிடிச்சேன், உதட்டத் தொங்கப் போட்டுச்சு, ஊரே பாத்துச்சு. குதிரை என்னோடது. நாளைக்கி வேடசந்தூர்ல ஊர்வலம் இருக்கு."

கூட்டத்தில் பாதி இன்னும் அங்கேயேதான் நின்றது. மண்டிக்கு வந்த அந்த ஜமாத்துப் பெரியவரும் இருந்தார். "பேசுனது பேசுனதுதாம்மா" என்றார், கொஞ்சம் வருத்தமாகவே. அவர் சொன்னது நியாயம். எங்கள் தொழிலே வாய்ப்பேச்சில் ஓடுகிற தொழில். வாய் வார்த்தையில் எவ்வளவோ தோல் வாங்கியிருக்கிறோம், விற்றிருக்கிறோம். சொன்ன சொல்லை நான் அதுவரை மாற்றியதே இல்லை. ஊருக்கும் அது தெரியும், எனக்கும் அதில் ஒரு பெருமை உண்டு.

குதிரையைப் பார்த்தேன். வயிற்றில் சேணம் தொங்க, எண்ணெய் வழிய, நாளைக்கு வேடசந்தூர் போகப்போவது தெரியாமல் நின்றது. எவனோ ஒரு தொண்ணூறு கிலோ மாப்பிள்ளை. பேண்டு. சரவெடி. மறுபடி அந்தக் கட்டி.

"தோத்தேன்" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "உங்க அம்புட்டுப் பேருக்கு முன்னாடியும் ஒத்துக்கிறேன், நான் தோத்துட்டேன். ஆனா குதிரையத் தரமாட்டேன்."

"வாக்கு மாறுறீங்களா?"

"ஆமா. மாறுறேன்."

கொழுந்தன் என்னிடமிருந்து சாக்கு, சமாதானம், அழுகை ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பான் போல. நான் எதுவும் சேர்க்கவில்லை. சாக்கு இருந்தால்தானே சொல்வதற்கு? அப்போதுதான் என் புருஷன் நகர்ந்து வந்தார். குனிந்து, குதிரையின் வயிற்றில் வாரை அவிழ்த்தார். சேணம் தொப்பென்று விழுந்தது. அதை எடுத்துத் தூசி தட்டி, தம்பியின் கையில் கொடுத்தார். "இது உன்னோடது" என்றார். கொழுந்தன் அதை வாங்கக் கடிவாளத்தை விட்டான். நான் பிடித்துக்கொண்டேன்.

நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், குதிரை என் பின்னாலேயே வந்தது. அன்றைக்கு நிக்காஹ் சாப்பாடுகூட நான் சாப்பிடவில்லை. எண்ணெய் போகக் கடலை மாவைப் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டினேன். மறுநாள் இடுப்பு வீங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்க முடிந்தது. அப்படியே நின்று அதற்கு உடம்பு பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போது கொழுந்தன் குடோன் வாசலில் வந்து நின்றான். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. ராத்திரி யோசித்திருப்பான், நானும் யோசித்திருப்பேன், காலையில் புத்தி வந்திருக்கும் என்று நினைத்திருப்பான்.

"மதினி, தெருவுல என்ன பேசுறாங்க தெரியுமா? சொன்ன சொல்லக் காப்பாத்தாத பொம்பளன்னு பேசுறாங்க."

"உண்மையத்தான பேசுறாங்க" என்றேன். "பேசட்டும்."

"அப்ப எப்பத்தான் தருவீங்க?"

குதிரையின் இடது பக்கம், அந்தப் பழைய கட்டி இருந்த இடத்தில் என் கை இருந்தது. எடுக்கவில்லை.

"தரமாட்டேன்னு தமிழ்லதானய்யா சொன்னேன்?"